ஜூமில் நடத்தும் என்கொயரி செல்லுமா?

ஒயிட்ஃபீல்டு எச்ஆர் | 2 பிப்ரவரி 2026, இரவு 9.10

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஊழியர் மேல் வந்த ஒரு புகாருக்குக் கம்பெனிக்குள் என்கொயரி (உள்விசாரணை) நடத்த வேண்டும். ஆபீஸ் பெங்களூரில். புகார் கொடுத்த பெண் ஓசூரிலிருந்து வேலை பார்க்கிறார், எதிர்த்தரப்பு (புகாருக்கு ஆளானவர்) கோயம்புத்தூரில், மூன்று சாட்சிகளும் மூன்று ஊரில். எல்லாரையும் வரவழைக்க நிர்வாகத்துக்கு மனசில்லை. வீடியோ காலில் நடத்தினால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது என்கிறார் எங்கள் லீகல் ஆள். அப்படியா? நடத்தலாம் என்றால் எங்கே சறுக்கும்?

சிவாஜிநகர் வக்கீல் | 2 பிப்ரவரி, இரவு 9.50

நிற்கும். கிரிமினல் வழக்கிலேயே சாட்சியை வீடியோ கான்ஃபரன்ஸில் விசாரிக்கலாம் என்று 2003-ல் பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்விசாரணைக்கு அந்த அளவு கெடுபிடியே கிடையாது. 1977 ரத்தன் சிங் தீர்ப்பு, அது ஒரு பஸ் கண்டக்டர் வழக்கு, சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் உள்விசாரணையைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு இன்றைக்கும் எடுத்துக் காட்டப்படுகிறது.

அடி விழுவது வேறு இடத்தில். நோட்டீஸ் கையில் சேர்ந்திருக்காது. ஆவணத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள். சாட்சியை மடக்கிக் கேட்க வாய்ப்பே தந்திருக்க மாட்டார்கள். அல்லது அவசர அவசரமாக முடித்திருப்பார்கள். 2023 மே மாதம் கோவா பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட அவுரேலியானோ ஃபெர்னாண்டஸ் வழக்கில் தண்டனை ரத்தானதற்கும் கமிட்டி காட்டிய வேகமே காரணம். அங்கே விசாரணை நேரில்தான் நடந்தது.

அல்சூர் | 3 பிப்ரவரி, காலை 7.30

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. ரிமோட் என்கொயரி என்றதும் எல்லாரும் கேமராவைப் பற்றியே கேட்கிறார்கள். கேமரா வேலை கடைசியில் வருவது. புகார் வந்த அன்றைக்கு, எதிர்த்தரப்புக்கு ஒரு வார்த்தை போவதற்கு முன்னால், டேட்டாவைப் பூட்ட வேண்டும். ஆபீஸில் இருந்தால் லேப்டாப்பைக் கையில் வாங்கி வைத்துவிடலாம். ஆள் கோயம்புத்தூரில் இருந்தால், "உங்கள் மேல் ஒரு புகார்" என்ற மெயிலைப் படித்து முடிப்பதற்குள் பாதி சாட் காணாமல் போய்விடும்.

வரிசை இது. முதலில் மெயில், சாட், டிரைவ் மூன்றுக்கும் ஹோல்டு. மைக்ரோசாஃப்ட் என்றால் பர்வியூவில் இடிஸ்கவரி ஹோல்டு, கூகுள் என்றால் வால்ட்டில். ஹோல்டு போட்டது அவருக்குத் தெரியாது, அவர் அழித்தாலும் பின்னால் பிரதி இருக்கும். அடுத்து ஐடியில் ஒரே ஒருவருக்கு மட்டும் எழுத்தில் தகவல், அதுவும் விஷயம் சொல்லாமல் எம்ப்ளாயி எண் மட்டும். மூன்றாவது, சான்றுப் பதிவேடு: எந்த ஃபைல், யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, எங்கே வைத்தார், எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) என்ன. ஒரு எக்செல் ஷீட் போதும். அந்த ஹாஷை அன்றைக்கே இரண்டு உறுப்பினர்களுக்கு மெயிலில் அனுப்பி வைத்தால், "பின்னால் மாற்றிவிட்டீர்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் நோட்டீஸ்.

லாக் பார்ப்பவர் | 3 பிப்ரவரி, காலை 11.05

ஹோல்டு பற்றி ஒரு திருத்தம். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். எல்லா பிளானிலும் பர்வியூ ஹோல்டு வராது, வால்ட்டும் அப்படித்தான். சின்ன கம்பெனிகளில் பிசினஸ் பேசிக் போட்டுவிட்டு ஹோல்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லாத இடத்தில் கெடு உங்கள் கையில் இல்லை:

எக்ஸ்சேஞ்சில் (மைக்ரோசாஃப்ட் மெயில்) நிரந்தரமாக அழித்த மெயில் டிஃபால்ட்டாக 14 நாள்தான் மீட்கும் நிலையில் இருக்கும், அட்மின் 30 வரை நீட்டலாம். கூகுளில் அழித்த யூசர் அக்கவுண்டை 20 நாளுக்குள் மீட்க வேண்டும். டிராஷிலிருந்தும் போன மெயிலுக்கு அட்மினிடம் 25 நாள். மைக்ரோசாஃப்டில் யூசரை அழித்தால் 30 நாள். ஆடிட் லாக் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) மைக்ரோசாஃப்டின் சாதாரண பிளானில் 180 நாள், முன்பு 90 ஆக இருந்தது.

இதில் ஆளைக் கொல்வது ஆஃப்போர்டிங் ஆட்டோமேஷன், வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கையும் மெஷினையும் தானாக மூடும் ஏற்பாடு. எதிர்த்தரப்பு ராஜினாமா கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் போவார், எச்ஆர் சிஸ்டத்தில் "ரிலீவ்டு" என்று டிக் அடித்த நிமிஷம் இன்ட்யூன் (கம்பெனி மெஷின்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) லேப்டாப்பைத் தானாக வைப் செய்துவிடும், அதாவது மொத்தமும் அழித்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஃபைல் மட்டும் இல்லை. அந்த எம்ப்ளாயி எண்ணை ஆட்டோமேஷனிலிருந்து விலக்கி வையுங்கள்.

லாக் பார்ப்பவர் | 3 பிப்ரவரி, காலை 11.20

லேப்டாப்பை விட்டுவிட்டேன். கூரியரில் வாங்குவதற்கு முன் இடிஆர் (மெஷினைக் கண்காணிக்கும் பாதுகாப்பு மென்பொருள்) மூலமாக நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், வைப் வேண்டாம். ஐடி பையன் லாகின் செய்து "சும்மா பார்த்தேன்" என்று சொல்லவும் கூடாது. அவர் பார்த்த பார்வையில் ஃபைல் நேரங்கள் மாறிவிடும். எஸ்எஸ்டி என்றால் இன்னும் அவசரம். அழித்த ஃபைலின் இடத்தை டிரிம் தானாகக் காலி செய்துகொண்டே இருக்கும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஷட்டவுன் செய்து அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரிகவரி கீ அட்மின் கன்சோலில் இருக்கிறதா என்று பாருங்கள். கீ இல்லாவிட்டால் வந்து சேர்வது பேப்பர் வெயிட்.

ஒயிட்ஃபீல்டு எச்ஆர் | 3 பிப்ரவரி, மதியம் 1.15

எங்களுடையது போஷ் (பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்) புகார். லேப்டாப்பில் ஒன்றும் இருக்காது, எல்லாம் இருவரின் சொந்த போன் வாட்ஸ்அப்.

வெளி உறுப்பினர் | 3 பிப்ரவரி, மாலை 6.40

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார். போஷ் என்றால் காலக்கெடு சட்டத்திலேயே இருக்கிறது, ஜூமில் நடத்துவதால் ஒரு நாள்கூட நீளாது. புகார் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் கம்பெனியின் உள்கமிட்டி இன்னும் 3 மாதம் நீட்டலாம், காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வந்த 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் பிரதி, அவர் பதில் தர 10 வேலை நாள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், முடிந்த 10 நாளில் அறிக்கை, அதன்மேல் நிர்வாகம் 60 நாளில் நடவடிக்கை. வக்கீல் எந்தக் கட்டத்திலும் ஆஜராக முடியாது. ஆன்லைனில் வக்கீல் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார் என்பது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

கோரம் (அமர்வு செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்): தலைமை உறுப்பினரையும் சேர்த்து மூன்று பேர். ஆன்லைனில் இங்கேதான் ஓட்டை. தலைமை உறுப்பினரின் நெட் 11.20-க்குப் போய் 11.35-க்கு வந்தால், நடுவில் கேட்ட கேள்வி பதில் கணக்கில் சேராது. உடனே நிறுத்தி, நேரத்தைக் குறித்து, வந்த பிறகு விட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மினிட்ஸில் அந்த இரண்டு நேரமும் வர வேண்டும். தலைமை உறுப்பினர் கையில் மாற்று சிம் ஹாட்ஸ்பாட் ஒன்று இருக்கட்டும், பெஸ்காம் கரண்டை நம்ப வேண்டாம்.

எந்தக் கமிட்டி என்ற குழப்பமும் வரும். அவர் வேறு கிளை, இவர் வேறு கிளை என்று இழுத்தடிப்பார்கள். புகார் கொடுத்தவரின் பணியிடக் கமிட்டி, வேறு இடத்தில் வேலை செய்பவர் மேலான புகாரையும் விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அல்சூர் | 3 பிப்ரவரி, இரவு 8.00

மேடம் மாதிரிக் கம்பெனிக்கு வெளியிலிருந்து கமிட்டிக்கு வரும் வெளி உறுப்பினருக்கு விதிப்படி ஒரு நாள் படி 200 ரூபாய், ரயிலில் மூன்றடுக்கு ஏசி கட்டணம் தனி. ஜூம் வந்ததில் அந்த ரயில் டிக்கெட்டும் போச்சு.

வெளி உறுப்பினர் | 3 பிப்ரவரி, இரவு 8.12

200 ரூபாயில் டேட்டா பேக்கூட வராது. கம்பெனிகள் கூடவே தருகின்றன என்பதால் பிழைக்கிறோம்.

வெளி உறுப்பினர் | 4 பிப்ரவரி, காலை 6.50

இப்போது லிங்க் விஷயம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டு, ஒரே லிங்கை இருவருக்கும் 11 மணி, 12 மணி என்று அனுப்புவார்கள். எதிர்த்தரப்பு 11.40-க்கே வந்து நுழைவார், உள்ளே அந்தப் பெண் பேசிக்கொண்டிருப்பார். ஆளுக்கொரு தனி மீட்டிங் எண், வெய்ட்டிங் ரூம் கட்டாயம், ஹோஸ்டுக்கு முன்னால் நுழையும் வசதி அணைக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு அமர்வுக்கும் நடுவில் குறைந்தது அரை மணி. ஆள் உள்ளே வந்ததும் மீட்டிங்கை லாக். சாட் பாக்ஸும் ரெக்கார்டிங்கும் ஹோஸ்டுக்கு மட்டும்.

காலண்டர் இன்வைட்டில் "போஷ் விசாரணை" என்று தலைப்பு போடாதீர்கள். மேனேஜரின் காலண்டரைச் செயலாளர் பார்ப்பார், டீம் பார்க்கும். "ப்ரைவேட்" என்று குறித்து, தலைப்பில் ஒரு எண் மட்டும். ரகசியம் காப்பது சட்டத்தின் 16-வது பிரிவு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். தொகை சின்னது. ஆனால் பெயர் வெளியே போனால் அடுத்த பெண் புகாரே கொடுக்க மாட்டாள்.

ஒயிட்ஃபீல்டு எச்ஆர் | 4 பிப்ரவரி, காலை 9.30

ஏஐ நோட் எடுக்கும் பாட் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதை என்ன செய்வது?

லாக் பார்ப்பவர் | 4 பிப்ரவரி, காலை 9.55

வெய்ட்டிங் ரூமிலேயே நிறுத்துங்கள். அது காலண்டரைப் படித்து வருகிறது, ஆள் வராத மீட்டிங்குக்கும் வரும். உள்ளே விட்டால் அந்தப் பெண்ணின் வாக்குமூலம் ஒரு வெளிநாட்டு சர்வரில் போய் உட்காரலாம், அதன் சுருக்கம் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட எல்லாருக்கும் மெயிலில் போகலாம். டீம்ஸின் சொந்த டிரான்ஸ்கிரிப்டும் அணைந்திருக்கட்டும். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினால் அது எழுதுவதைப் படித்துச் சிரிக்கலாம், சான்றாக வைக்க முடியாது.

வெளி உறுப்பினர் | 4 பிப்ரவரி, இரவு 10.20

வீட்டிலிருந்து பேசுபவர்களைப் பற்றி ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. மாரத்தஹள்ளி, பிடிஎம் பக்கம் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) மூன்று பேர் ஒரு ரூமில். ஓசூரில் மாமியார் வீடு, புகார் கொடுத்ததே வீட்டில் தெரியாது. இப்படிப்பட்டவரை 11 மணிக்குக் கேமரா முன் உட்காரச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டார், நாம் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவோம். முதல் நாளே போனில் கேளுங்கள்: கதவு சாத்திப் பேச இடம் உண்டா, எந்த நேரத்தில் வீடு காலி, கம்பெனி செலவில் பக்கத்தில் ஒரு கோவொர்க்கிங் கேபின் எடுத்துத் தரட்டுமா. நடுவில் யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வாக்கியம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "நெட் விட்டு விட்டு வருது" என்றால் நாம் உடனே ஆபீஸ் வேலை பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும், கட் செய்வதைவிட அது பாதுகாப்பு.

ஹெட்போன் போடட்டும். எதிர்முனைக் கேள்வி அறையில் கேட்காது. காதில் இன்னொருவர் சொல்லிக்கொடுப்பார் என்ற பயம் இருந்தால், தொடக்கத்தில் கேமராவை ஒரு சுற்று காட்டச் சொல்லி, போனை மேஜையில் கேமராவுக்குத் தெரிகிற மாதிரிக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு தரப்புக்கும் அதே விதி, ஒருவருக்கு மட்டும் என்றால் பாரபட்சம் என்பார்கள். வக்கீல் மறைவில் இருந்தால் இதையும் தாண்டி இருப்பார். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் நாலு நொடி இடைவெளி விழுந்தால், அடுத்த கேள்வியைத் தேதி வரிசையை மாற்றிக் கேளுங்கள். எழுதித் தருபவர் தடுமாறுவார்.

அல்சூர் | 5 பிப்ரவரி, காலை 8.15

அந்தக் கடைசி வரிக்கு ஒரு கடிவாளம். நெட் மெதுவாக இருந்தாலும் நாலு நொடி ஆகும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பதறினார், நிதானமாக இருந்தார் என்றெல்லாம் அறிக்கையில் எழுதவே கூடாது. ஸ்கிரீனைப் பார்ப்பவர் கேமராவைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். சொன்னதும் ஆவணமும் பொருந்துகிறதா என்பதை மட்டும் எழுதுங்கள்.

வெளி உறுப்பினர் | 5 பிப்ரவரி, காலை 8.40

ஒப்புக்கொள்கிறேன் சார். நான் சொன்னது கேள்வி கேட்கும் முறை, முடிவெடுக்க அல்ல.

லாக் பார்ப்பவர் | 5 பிப்ரவரி, மதியம் 12.30

வாட்ஸ்அப்புக்கு வருவோம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் சான்றாகப் போதாது. யாருடைய நம்பரையும் "மேனேஜர்" என்று சேவ் செய்து பத்து நிமிஷத்தில் ஒரு உரையாடல் தயாரித்துவிடலாம். சொந்த போனைப் பிடுங்க முடியாது, காட்டச் சொல்லலாம். முறை இது: போன் ஸ்கிரீனை மீட்டிங்கில் ஷேர் செய்யட்டும். சாட்டைத் திறந்து மேலே பெயரைத் தொட்டு நம்பரைக் காட்ட வேண்டும். அந்த நம்பர் எச்ஆர் பதிவில் உள்ளதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். பிறகு சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்வரை நிறுத்தாமல் ஸ்க்ரோல். சம்பந்தப்பட்ட மெசேஜில் மட்டும் நிற்க வேண்டாம், சந்தர்ப்பம் தெரிய வேண்டும். அவரே அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து "இன்ஃபோ" பார்த்தால் டெலிவர் ஆன நேரமும் படித்த நேரமும் வரும். எடிட் செய்திருந்தால் பக்கத்திலேயே குறி இருக்கும், எல்லாருக்கும் அழித்ததும் அழித்ததாகத் தெரியும். கடைசியில் எக்ஸ்போர்ட் சாட் கொடுத்து அந்த ஜிப்பைக் கமிட்டி மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் ஹாஷ்.

எக்ஸ்போர்ட் வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திருத்தலாம். அதனால்தான் ஸ்க்ரோல் முதலில். எதிர்த்தரப்பிடமும் அதே சாட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாதி விசாரணை முடிந்தது. "என் போன் தொலைந்துவிட்டது" என்றால் அதையும் அப்படியே பதியுங்கள்.

முக்கியமாக, டிஸப்பியரிங் மெசேஜ் ஆனில் இருக்கிறதா என்று புகார் வந்த அன்றே கேளுங்கள். 24 மணி, 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவு. இப்போது அணைத்தாலும் பழையது தன் கெடுவில் போய்விடும். வேறு போனில் உடனே வீடியோ எடுத்து வையுங்கள்.

சிவாஜிநகர் வக்கீல் | 5 பிப்ரவரி, இரவு 9.00

கோர்ட் வரை போகும் என்று தோன்றினால், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது இல்லை. இரண்டு பகுதி: தருபவர் ஒன்று, நிபுணர் ஒன்று. ஹாஷ் மதிப்பை அதிலேயே எழுத வேண்டும். அன்றைக்கு ஹாஷ் எடுக்காதவர் இரண்டு வருஷம் கழித்து எடுத்துப் பலனில்லை.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. சஸ்பெண்ட் செய்த நிமிஷம் ஆபீஸ் மெயில் முடங்கும். என்கொயரி நோட்டீஸை அதே முடங்கிய மெயிலுக்கு அனுப்பிவிட்டு "மூன்று முறை வரவில்லை, எக்ஸ்பார்ட்டி" (அவர் இல்லாமலே ஒருதலையாக முடிவு) என்று எழுதிய ஃபைல்கள் ஏராளம். சஸ்பென்ஷன் உத்தரவிலேயே சொந்த மெயிலையும் முகவரியையும் உறுதி செய்து வாங்குங்கள். நோட்டீஸ் சொந்த மெயில், ஸ்பீடு போஸ்ட், வாட்ஸ்அப் மூன்றிலும் போகட்டும். போஷ் விதியில் தொடர்ந்து மூன்று அமர்வுக்குக் காரணமில்லாமல் வராவிட்டால்தான் எக்ஸ்பார்ட்டி, அதற்கும் 15 நாள் முன்னறிவிப்பு எழுத்தில்.

அல்சூர் | 6 பிப்ரவரி, காலை 7.10

அதோடு சேர்ந்த பிரச்சினை: அவருடைய எதிர்வாதத்துக்கு வேண்டிய மெயில்கள் அந்தப் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கும். "எனக்கு ஆவணம் தரவில்லை" என்ற ஒரு வரியிலேயே மொத்த என்கொயரியும் சாய்ந்துவிடும். ஐடி ஆள் ஸ்கிரீன் ஷேர் செய்து, அவர் சொல்லும் வார்த்தையைத் தேடி, அவர் கேட்கும் மெயிலை பிடிஎஃப் ஆக்கித் தரலாம். கேட்டது எது, கொடுத்தது எது, மறுத்தது எது, ஏன் என்று ஒரு பட்டியல். அறிக்கை பிரதியையும் கொடுத்துவிட்டுத்தான் தண்டனை, 1993 கருணாகர் தீர்ப்பிலிருந்து அது மாறவில்லை.

வாக்குமூலம் எழுதுவதில் இரண்டு கட்சி உண்டு. சிலர் டைப் செய்வதை ஸ்கிரீன் ஷேரில் காட்டிக்கொண்டே போவார்கள். சாட்சி பேசுவதை விட்டுவிட்டு எழுத்துப் பிழை திருத்த ஆரம்பிப்பார், ஓட்டம் அறுந்துவிடும். முழுக்கப் பேசவிட்டு, ஒருவர் கேட்டு ஒருவர் எழுதி, கடைசியில் படித்துக்காட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பில் மோசடி மாதிரி எண் சார்ந்த விஷயத்தில் மட்டும் ஸ்கிரீனில் காட்டலாம். அவர் தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுங்கள். இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்து வாங்கினால், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று நாளைக்குத் தாராளமாகச் சொல்வார்.

பிஜியில் பிரிண்டர் இருக்காது. பிடிஎஃப் அனுப்பி, "5 பக்கம் படித்தேன், 3-ம் பக்கத்தில் இந்தத் திருத்தம், மற்றது சரி" என்று அவர் மெயிலிலிருந்தே பதில் வாங்கினால் போதும். திருத்தத்தைப் பழைய வரியை அழித்துப் போடாதீர்கள், கீழே தனிப் பத்தியாகச் சேருங்கள்.

ஒயிட்ஃபீல்டு எச்ஆர் | 6 பிப்ரவரி, காலை 10.00

ரெக்கார்ட் செய்யலாமா வேண்டாமா?

வெளி உறுப்பினர் | 6 பிப்ரவரி, காலை 10.25

போஷில் நான் வேண்டாம் என்பேன், கையெழுத்தான மினிட்ஸ் போதும். செய்தால் நோட்டீஸிலேயே சொல்லுங்கள், இரு தரப்புக்கும் ஒரே விதி, ஃபைல் தலைமை உறுப்பினரிடம் மட்டும். டீம்ஸில் ரெக்கார்டிங், தொடங்கியவர் அல்லது கூட்டம் வைத்தவரின் ஒன்டிரைவில் போய் உட்காரும், அது எச்ஆர் டிரெய்னியாக இருந்துவிடப் போகிறது. நீங்கள் செய்யாவிட்டாலும் அந்தப் பக்கம் இன்னொரு போனில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தே பேசுங்கள்.

குறுக்குக் கேள்விகளை எதிர்த்தரப்பு எழுதித் தரட்டும், தலைமை உறுப்பினர் கேட்கட்டும். நடத்தையைப் பற்றிய அசிங்கமான கேள்விகளை நிராகரித்தால் காரணத்தோடு பதியுங்கள்.

லாக் பார்ப்பவர் | 7 பிப்ரவரி, மாலை 4.45

தேதி நேரம் பற்றி, எல்லா வகை என்கொயரிக்கும். லாக் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வரும். ஜனவரி 14, 18:50 என்று இருந்தால் நம் நேரம் ஜனவரி 15, நள்ளிரவு 12.20. அதாவது பொங்கல் அன்று, லீவில். சார்ஜ் ஷீட்டில் "14-ம் தேதி மாலை 6.50" என்று எழுதிவிட்டால், அந்த நேரத்தில் ஆபீஸ் பஸ்ஸில் இருந்ததற்கு அவர் சாட்சி கொண்டுவருவார், ஆட்டம் முடிந்தது. லாக் வரும் சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த டெக்ஸ்ட்) எக்செலில் நேராகத் திறந்தால் நாளும் மாதமும் இடம் மாறிக்கொள்ளும். மூலத்தைத் தொடாமல் பிரதியில் வேலை செய்து, 5.30 கூட்டிய தனி நெடுவரிசை போடுங்கள்.

ஐபி முகவரியை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள். மொபைல் நெட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஐபி, விபிஎன் என்றால் கேட்வே இருக்கும் ஊர்தான் காட்டும்.

ஒயிட்ஃபீல்டு எச்ஆர் | 8 பிப்ரவரி, காலை 11.10

சம்பந்தமில்லாத கேள்வி. வீட்டிலிருந்து இரண்டு வேலை பார்க்கிறார் என்ற புகாருக்கு யுஏஎன் பாஸ்புக் (பிஎஃப் கணக்கில் எந்தக் கம்பெனி கட்டியது என்று காட்டும் பதிவு) போதுமா?

லாக் பார்ப்பவர் | 8 பிப்ரவரி, மதியம் 12.00

தொடங்க மட்டும் போதும். பணம் வரவான தேதியைப் பார்க்காதீர்கள், சம்பள மாதத்தைப் பாருங்கள். பழைய கம்பெனி தாமதமாகக் கட்டினால் வரவு இப்போது விழும், சம்பள மாதம் பழையதாகவே இருக்கும். ஒரே சம்பள மாதத்துக்கு இரண்டு நிறுவனம் கட்டியிருந்தால் விளக்கம் கேளுங்கள். இரண்டாவது வேலை கன்சல்டன்ட் என்றால் பிஎஃப்பில் ஒன்றும் தெரியாது. பிடிஎஃப் அனுப்பச் சொல்லாமல் அவரே லாகின் செய்து ஸ்கிரீனில் காட்டட்டும், ஓடிபி போடும்போது ஷேரை நிறுத்தச் சொல்லிவிட்டு.